எலுமிச்சையும் 14 அட்டைப்பெட்டியும்

மே 19
உச்சிக் கொழுந்தெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இப்படி வெளுத்தால் இரும்பு, இல்லாவிட்டால் துத்தநாகம். இவ்வளவு தெரிந்த எனக்கு ரேஷன் கார்டை, வீடு மாறக் கட்டுகிற எந்தப் பெட்டியில் போட்டேன் என்று தெரியவில்லை.

மே 20
பெட்டி 11 ஆச்சு.

மே 23
இலைமேல் குருவி எச்சம் என்று தட்டப் போனேன், நகர்ந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. குஞ்சாக இருக்கும்வரை எச்ச வேஷம், வளர்ந்தால் பச்சை. குச்சியால் தொட்டதும் செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. மூன்றைப் பொறுக்கிப் போட்டேன். ஒன்றை விட்டுவிட்டேன், தின்னட்டும். மஞ்சளுக்கு இது காரணமில்லை.

மே 24
அம்மா: "ஆனி பொறந்தா நான் எங்கயும் குடிவர மாட்டேன்." ஆக, 3 வாரம்.

மே 27
அடித்தண்டில் பிசின்! தேன் நிறத்தில் உறைந்து நிற்கிறது. நகத்தால் சுரண்டினால் பட்டை ஈரமாக, பழுப்பாக வருகிறது. தண்டு துளைப்பானாக இருந்தால் ஓட்டையும் தூளும் இருக்கும். டார்ச் அடித்துத் தேடினேன், இல்லை. அப்படியானால் அழுகல் பூஞ்சைதான். அதற்கு ஈரம் வேண்டும். கத்திரி வெயிலில், திருச்சியில், ஏது ஈரம்? வாஷிங் மெஷின் குழாய். தண்ணீர் வீணாகிறதே என்று மரத்தடிக்குத் திருப்பியவன் நான். காற்றில் சாயாமலிருக்க மண்ணை அணைத்துத் தண்டை மூடியவனும் நான். மஞ்சளும் அதனால்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரால் மண் காரமானால் அதிலுள்ள இரும்பை வேரால் எடுக்க முடியாது. வேரே அழுகியிருந்தால் எதைத்தான் எடுக்கும்?

தூக்கம் வரவில்லை.

மே 28
நர்சரிக்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "எலுமிச்சைக்கு ரெட்டைப் பாத்தி சார். தண்டச் சுத்தி காஞ்ச வட்டம் ஒண்ணு, தண்ணிக்கு அதுக்கு வெளிய ஒண்ணு. தண்டுகிட்ட தண்ணி நிக்கவே கூடாது." வெட்டிவிடலாமா என்றேன். பட்டை சுற்றிலும் போயிருந்தால்தான் போச்சாம். வீட்டுக்கு வந்து நூல் வைத்து அளந்தேன். கால்வாசிதான்.

மே 31
மண்ணை விலக்கி, நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கினேன். பூஞ்சைக்கு மருந்தாக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து பிளாஸ்டிக் வாளியில் சேர்த்தேன். இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு நிறம் ஏறியது. துத்தம் இன்னும் மிச்சம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அப்புறம் ஏறவில்லை. 2 அடி உயரத்துக்குப் பூசியாயிற்று. ஓனர் எட்டிப் பார்த்து "இது என்ன பெயிண்ட்?" என்றார். அட்வான்ஸில் பிடிப்பார் போல.

ஜூன் 2
குழாய் இப்போது சாக்கடைக்கு. பெட்டி 14.

ஜூன் 6
புது வீடு மூன்றாவது மாடி. பால்கனியில் துணிதான் காயும்.

ஜூன் 9
ஒரு கொழுந்து! பச்சையா மஞ்சளா தெரியவில்லை. காலை வெயிலில் எல்லாமே மஞ்சள்தான். மத்தியானம் பார்க்க வேண்டும்.

மத்தியானம் ஓனர் வந்துவிட்டார். பார்க்கவில்லை.

ஜூன் 11
வண்டி 7 மணிக்கு. தண்டில் தண்ணீர் விடாதீர்கள், மழைக்கு முன் மறுபடி பூசுங்கள் என்று எழுதி மீட்டர் பெட்டியில் சொருகினேன். யார் குடிவருகிறார்கள் என்று ஓனர் சொல்லவில்லை. விட்டுவைத்த புழுவைக் காணோம்.