கோடைப் பயிற்சி: கடைசியில் பாட்டில் கணக்கு சரிப்பட்டது

மூன்று மணி நேரம் சைக்கிள், பெடலில் சராசரி 180 வாட், நிழலில் 36 டிகிரி. வாட்டுக்கும் இதயத்துடிப்புக்குமான விகிதத்தை முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். சரிவு, அதாவது நேரம் போகப் போக அதே வாட்டுக்கு இதயம் கூடுதலாகத் துடிப்பது, ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. கோடை தொடங்கியபோது இதே பாதையில், இதே வாட்டில், பத்துக்கு மேல் போயிருந்தது. எடை 71.8 கிலோவிலிருந்து 70.4 கிலோ, அதாவது இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அதைவிட முக்கியம், மூன்றாவது மணி நேரத்தில் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும் அந்தப் பாழாய்ப்போன சத்தம் கேட்கவே இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சித் திட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. வாரம் இரண்டு இன்டர்வெல் (வேகமும் ஓய்வும் மாறி மாறி), ஒரு நீண்ட ஓட்டம், மீதி நாட்களில் மெதுவாக, எல்லோரும் செய்வதுதான். கோடையில் ஆளைக் கவிழ்ப்பது வெப்பம். பெடலில் 180 வாட் வர வேண்டுமானால் உடல் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் எரிக்க வேண்டியிருக்கிறது. மிச்சமெல்லாம், அறுநூறு வாட்டுக்கும் மேல், சூடாக வெளியேறியாக வேண்டும். ஒரு சின்ன அறை ஹீட்டரை விழுங்கிவிட்டு ஓட்டுவது போலத்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் போகும். ஆனால் ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. பின்காற்று வீசும் ஏற்றத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில், உடம்பில் காற்றே படாமல் ஊர்ந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆக, வியர்வையை அளப்பதுதான் முதல் வேலை. முன்னும் பின்னும் எடை பார், குடித்ததைக் கூட்டு என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிக்குள் இருக்கும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டு எடைமேடை நூறு கிராம் படிகளில்தான் காட்டுகிறது. முன்னால் ஐம்பது, பின்னால் ஐம்பது என்று பிசகினாலே நூறு மில்லி கணக்கில் காணாமல் போகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அது பெரிய பிழை. அதனால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஓட்டாமல் அளப்பதில்லை. மேடையை விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறுகிறது, வெறும் தரைதான் சரி. உடுப்போடு நின்றால் துணியில் ஊறிய வியர்வை இன்னும் உடம்புக்குள் இருப்பதாகக் கணக்காகிவிடும். நனைந்த ஜெர்சியையும் கால்சட்டையையும் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன்: காய்ந்தபோது இருந்ததைவிட முந்நூறு கிராம் கூடுதல்! துணியில்லாமல், தலைமுடிவரை துவட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டிலையும் கோடு பார்த்து மதிப்பிடாமல் எடை போடுகிறேன். தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் தனி பாட்டிலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் குடித்த கணக்கில் சேர்ந்துவிடும்.

இத்தனை கெடுபிடிக்குப் பிறகு வந்த எண், வெயிலில் மணிக்கு ஒன்றரை லிட்டர். குளிர்ந்த காலையில் அதில் பாதிதான்.

ஒன்றரை லிட்டர் போகிறது என்பதற்காக ஒன்றரை லிட்டரும் குடிக்க வேண்டியதில்லை. என் வயிறு அதை வாங்கிக்கொள்ளவும் செய்யாது. அளவுக்கு மீறிக் குடிப்பதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துச் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். எனவே மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கு 750 மில்லி பாட்டில் நான்கு. பற்றாக்குறை ஒன்றரை கிலோவுக்குள் அடங்குகிறது.

பாட்டிலுக்கு 60 கிராம் மாவுச்சத்து: மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸ் கோத்த சங்கிலி) 33, ஃபிரக்டோஸ் (பழச்சர்க்கரை) 27. மணிக்கு எண்பது கிராம் வருகிறது. குளுக்கோஸ் வழி மட்டும் என்றால் குடல் மணிக்கு அறுபது கிராமோடு மூச்சு முட்டிவிடும். ஃபிரக்டோஸுக்குத் தனிக் கதவு இருப்பதால்தான் இந்தக் கலவை. மொத்தத்தையும் குளுக்கோஸாகவே போட்டால் கரைந்திருக்கும் துகள்களின் கணக்கு லிட்டருக்கு 440 மில்லி ஆஸ்மோலைத் தாண்டும் (சங்கிலியாக இருந்தால் துகள் குறைவு), ரத்தமோ முந்நூறுக்குச் சற்றுக் கீழே. அவ்வளவு அடர்த்தியான நீர் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்காது. போதாக்குறைக்கு உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கவும் செய்யும். தளும்பலுக்குக் காரணம் அதுதான் என்பது என் முடிவு.

உப்பில்தான் நீண்ட நாள் மல்லுக்கட்டினேன். லிட்டருக்கு 800 மில்லிகிராம் சோடியம் வேண்டும் என்றால் பாட்டிலுக்கு ஒன்றரை கிராம் சாதா உப்பு. வீட்டில் ருசி பார்த்தால் பரவாயில்லை. இரண்டாவது மணி நேரத்தில், பாட்டில் வெதுவெதுப்பாகிவிட்ட பிறகு, கடல் தண்ணீரைக் குடிப்பதாக நாக்கு முறையிட்டது. இப்போது உப்பு முக்கால் கிராம், சோடியம் சிட்ரேட் 1.3 கிராம். சோடியம் அதேதான், கரிப்பு பாதி. இந்த ஒரு மாற்றத்துக்காக 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். இந்தக் கோடையில் நான் வாங்கியவற்றில் உருப்படியான பொருள் அதுதான்.

குளிர்ச்சி அடுத்த தலைவலி. கலவையை முழுதாக உறைய வைத்தால் முதலில் உருகுவது பாகு, கடைசியில் மிஞ்சுவது சப்பென்ற ஐஸ். முதல் வாய் பல்லைக் கூசவைக்கிறது, கடைசி வாயில் இனிப்பே இல்லை. இப்போது முதல் பாட்டில் வெறுமனே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து. இரண்டாவதைப் பாதி நிரப்பிச் சாய்த்து உறைய வைத்து, கிளம்பும்போது அதே அடர்த்திக் கலவையை மேலே ஊற்றுகிறேன். அதன் முறை வரும்போது எல்லாம் உருகியிருக்கும். நன்றாகக் குலுக்க மட்டும் மறக்கக்கூடாது. மற்ற இரண்டுக்கும் தூளாகப் பையில் கொண்டுபோய் வழியில் கலக்கிறேன். வியர்த்த விரலோடு தூளைத் தொட்டால் கை முழுக்கப் பிசின். பையின் ஒரு மூலையைக் கத்தரித்து, பாட்டில் வாய்க்குள் நுழைத்துக் கவிழ்ப்பதுதான் வழி. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் முதலில், பிறகுதான் தூள். மாற்றிச் செய்தால் அடியில் கட்டி.

தூள் விற்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறை. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பையில் டிஇ எண் (சங்கிலி எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதற்கான அளவு) அச்சிடுவதற்கு என்ன கேடு? எண் கூடினால் இனிப்பும் கூடுகிறது, ஆஸ்மோல் கணக்கும் மாறுகிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று படம் போட்ட பையில் அது இல்லை. பீர் காய்ச்சுபவர்களுக்கு விற்கும் பையில் இருக்கிறது. ஃபிரக்டோஸ் இன்னொரு விதம்: ஈரக்காற்று பட்டால் பாறையாகிவிடும், சின்னப் பைகளாகவே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் போதாதா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் சோடியம் தாராளம், லிட்டருக்கு 75 மில்லிமோல். குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, பெடலுக்கான எரிபொருள் அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. வெயிலில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து ஓட்டினால் உடல் பழகுகிறது. ரத்த நீர் கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகவும் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. ஹெல்மெட் பட்டையில் படியும் வெள்ளைக் கோடு இப்போது நன்றாகவே மங்கியிருக்கிறது. ஆகவே சரிவு குறைந்ததில் பாட்டிலுக்கு எவ்வளவு பங்கு, பழகியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வயிறு அடங்கியதற்கான பெருமையை மட்டும் பாட்டிலுக்கே கொடுக்கிறேன். வியர்வை எண் பழையதாகிவிட்டது, மறுபடி துண்டும் தராசுமாக நிற்க வேண்டும்.

அதற்குள் மனம் வேறெங்கோ தாவிவிட்டது. மணிக்கு 90 கிராம் போய்ப் பார்க்க ஆசை. வயிற்றைப் பழக்கச் சில வாரம் ஆகும். டைம் ட்ரையலுக்கு (கடிகாரத்தோடு தனியாளாக ஓட்டும் போட்டி) முன் ஐஸ் கூழ் குடித்து உடலைக் குளிர்வித்துக்கொண்டு கிளம்புவதையும் சோதிக்க வேண்டும். இருபது நிமிடம் முழு மூச்சாக ஓட்டும் வாட் சோதனை பாக்கி இருக்கிறது, அதை மட்டும் குளிர்ந்த காலையில்தான். பாட்டில் மூடிகளின் ரப்பர் வால்வுக்குள் சர்க்கரை தங்கிக் கருப்பாகப் பூசணம் பிடித்துவிட்டது, பல்துலக்கியும் உள்ளே எட்டவில்லை. கழற்றிக் கழுவக்கூடிய மூடியோடு இரண்டு பாட்டில் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அவற்றின் வெற்று எடையைக் குறித்துக்கொண்டு 90 கிராமில் இறங்குகிறேன்.