பங்காளி தோட்டத்து டவர்

வெள்ளகோவிலில் நான் வைத்திருக்கும் டிவி, இன்வெர்ட்டர் சர்வீஸ் கடைக்கு இப்போதெல்லாம் ரிப்பேர் சாமானோடு வருபவர்களைவிடக் கதிர்வீச்சு விசாரிக்க வருபவர்கள்தான் அதிகம். எங்கள் பங்காளி ஒருத்தர் தோட்டத்தில் செல்போன் டவர் நிமிர்ந்ததிலிருந்து இப்படி. "ஏனுங், குரும்பை பூராக் கொட்டுதே, டவராலயாமா?" என்கிறார் ஒருத்தர். "மருமகளுக்கு ஓயாத தலைவலிங்க" என்கிறார் இன்னொருத்தர். மாசாமாசம் பங்காளிக்கு வாடகை வருகிறது, பக்கத்துத் தோட்டத்துக்கு வரவில்லை; அந்தத் தலைவலியில் இதுவும் கொஞ்சம் சேர்த்தியோ என்று எனக்கொரு சந்தேகம்.

போதாததற்கு என் மச்சினன் ஆன்லைனில் கதிர்வீச்சு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிட்டான். டவர் பக்கம் நீட்டினால் சிவப்பு விளக்கு எரியும், கிய்யா கிய்யா என்று கத்தும். திரையில் ஐயாயிரத்துச் சொச்சம். "பாத்தீங்களா மாமா, அஞ்சாயிரம்!" என்று வளவு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது மைக்ரோவாட். ஒரு சதுர மீட்டருக்கு ஐயாயிரம் மைக்ரோவாட் என்றால் 5 மில்லிவாட். செல்போன் அலைவரிசைகளில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸுக்கு நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் கொண்டுவந்த வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட், அதாவது 450 மில்லிவாட். சர்வதேச அமைப்பு வைத்திருந்த 4.5 வாட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத்தான் அதை வைத்தார்கள். மச்சினன் அலறிய அளவு அந்த வரம்பில் தொண்ணூறில் ஒரு பங்கு. எந்த எண்ணில் சிவப்பு எரிய வேண்டும் என்பது மீட்டர் செய்தவன் இஷ்டம், அதற்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த ரக மீட்டர் எந்த அலைவரிசை எவ்வளவு என்று பிரித்தும் சொல்லாது. வைஃபை, பக்கத்தில் இருக்கும் போன், டவர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும். பிரித்துப் பார்க்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டும். அது என் கடை வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது.

அளந்ததில் எங்கள் ஆட்கள் நம்பவே மறுத்த சங்கதி ஒன்று உண்டு. டவரின் காலடியில் அளவு குறைவு, கொஞ்சம் தள்ளிப் போனால்தான் கூடுகிறது. மேலே நிற்கும் நீளப்பெட்டி ஆன்டெனாக்கள் ஆளுக்கொரு திசை பார்த்து, அலையைத் தட்டையாக, லேசாகக் கீழே சாய்த்து அனுப்புகின்றன. விளக்கடியில் இருட்டு என்பது இதற்கு அப்படியே பொருந்தும். டவருக்கு அடியில் இருக்கும் வீட்டைவிட, தள்ளி இருந்து ஆன்டெனாவை நேருக்கு நேர் பார்க்கும் மாடிவீட்டு மொட்டைமாடியில்தான் அளந்து பார்க்க வேண்டும்.

இனி போனுக்கு வருகிறேன். டவரில் ஒரு அலைவரிசைக்கு 20 வாட் அனுப்பி, ஆன்டெனா அதை ஒரு திசையில் ஐம்பது மடங்கு குவித்தால், நூறு மீட்டரில் நேர்வரிசையிலேயே சதுர மீட்டருக்கு 8 மில்லிவாட்தான் வரும். 4ஜி போனின் உச்ச சக்தி 0.2 வாட். அற்பம்தான். ஆனால் அதை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் கணக்கு 400 மில்லிவாட்டுக்குப் போய்விடும். காதோடு ஒட்டினால் இந்தக் கணக்கே செல்லாது, அதற்கு உடம்பு உறிஞ்சும் அளவான எஸ்.ஏ.ஆர். பார்க்க வேண்டும், கிலோவுக்கு 1.6 வாட் வரம்பு. போனில் *#07# அழுத்தினால் உங்கள் மாடலின் அளவு வரும்.

சிக்னல் நன்றாக இருந்தால் போன் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டவர் தூரத்தில் இருந்தாலோ தகரக் கொட்டகைக்குள் பேசினாலோ முழுமூச்சில் கத்தும். எங்கள் அம்மா தறிக்கொட்டகையில், ஒற்றைக் கட்டை சிக்னலில், போனைக் காதில் அழுத்திக்கொண்டு திருப்பூரிலிருக்கும் தங்கச்சியோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். பேசி முடித்துவிட்டு வந்து, "ஏங்கண்ணு, அந்த டவர நிறுத்த முடியாதா?" என்கிறார். நிறுத்தினால் அம்மா காதுக்குத்தான் கூடுதல் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, ஏறவில்லை.

கேன்சர் வருமா என்ற கேள்விக்கு நான் பூசி மெழுகுவதில்லை. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிய இந்த அலைக்குத் தெம்பு கிடையாது. நிச்சயமாகத் தெரிந்த விளைவு சூடு, வரம்புகள் அதை வைத்துப் போட்டவை. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை '2பி' பட்டியலில், 'ஒருவேளை இருக்கலாம்' என்ற வகையில் சேர்த்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும் ஆசிய நாடுகளின் ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. 2018இல் அமெரிக்க ஆய்வில் ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டி வந்தது உண்மை. நாளுக்கு ஒன்பது மணி நேரம், உடம்பு முழுக்க, இரண்டு வருஷம் அலை கொடுத்திருந்தார்கள். விசித்திரம், அந்த எலிகள் அலை படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. 2024இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக மனித ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. எனக்கு இது போதும். போதாது என்பவரோடு சண்டைக்குப் போவதில்லை.

குரும்பை விஷயத்தில் மட்டும் கோபம் வரும். தென்னையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தி 1998இலேயே கேரளாவில் தென்பட்டு இங்கும் வந்தது. அப்போது எங்கள் பக்கம் செல்போன் டவர் ஏது? 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ. ஓலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைச் சுருள் இருக்கும், கீழோலையில் கரும்பூஞ்சணம் படிந்திருக்கும். தண்ணீர் பற்றாமலும் போரான் சத்து இல்லாமலும் குரும்பை கொட்டும். இதையெல்லாம் பார்க்காமல் டவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் மரம்தான் போகும்.

உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறதே என்பார்கள். தோட்டத்து வழியே அந்தக் கம்பி போவதை எதிர்த்த கொங்கு விவசாயிகள் போராட்டத்தில் அதைச் செய்து காட்டினார்கள், நிஜமாகவே எரிந்தது. அது 50 ஹெர்ட்ஸ் மின்புலம். செல்போன் டவருக்கடியில் அதே டியூப்லைட்டைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நின்றாலும் எரியாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், கம்பியால் நிலம் போனவர் வழக்குத்தான் பலவீனமாகும்.

சந்தேகம் தீராதவர்கள் மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் தங்கள் ஊர் டவர் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டணம் கட்டினால் ஆள் வந்து அளந்தும் கொடுப்பார்கள்.

பங்காளி டவரால் எனக்குப் புகாரே இல்லை என்று நினைக்க வேண்டாம். கரண்ட் போனால் ஓடும் டீசல் ஜெனரேட்டரின் புகை நேராக எங்கள் வாசலுக்கு வருகிறது, ராத்திரியில் தூக்கம் கெடுகிறது. மீட்டரே வேண்டியதில்லை, மூக்குக்குத் தெரிகிறது. அதற்கு எழுதிக் கொடுக்கலாம் வாருங்கள் என்றால் ஒருத்தரும் கையெழுத்துக்கு வருவதில்லை. கதிர்வீச்சு என்று எழுதினால் போடுகிறார்களாம்.

அம்மாவுக்கு இப்போது போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்துப் பேசப் பழக்கியிருக்கிறேன். தங்கச்சியின் மாமியார் பற்றிய சேதியெல்லாம் வளவுக்கே தெரிந்துபோகிறது.