கடைமடை இன்னும் உறங்குகிறது

சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் ரஷ்யாவின் சுவர்ப்படம் கிடைத்தது. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு நூறு கிலோமீட்டர் என்று அளவு போட்டிருந்ததைப் பார்த்ததும், ஆறுகளை அளந்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். ஞாயிறு காலை அங் மோ கியோ வீட்டுக் கூடத்தில் படத்தை விரித்து, மூலைக்கு ஒரு டம்ளர் வைத்தோம். சாமி படத்துக்குப் பூக்கட்ட வைத்திருந்த நூல்கண்டுதான் அளவுகோல். நூலை நனைத்துவிட்டால் வளைவுகளில் ஒட்டி நிற்கும்.

முதலில் வோல்கா. 3,530 கி.மீ. ஓடுகிற ஆறு பிறக்கும் இடத்தின் உயரம் வெறும் 228 மீட்டர். நம்ம புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர் இருக்கிறது! அந்தச் சின்ன மேட்டிலிருந்து அவசரமில்லாமல் இறங்கிப் போய், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற காஸ்பியனில் கலக்கிறது. அஸ்திரகான் பக்கம் அதன் கழிமுகத்தில் தாமரை பூக்கும் என்றேன். மகள் நம்பவில்லை, படம் தேடிக் காட்டினேன்.

அடுத்து லேனா. பைக்கால் ஏரிக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளி மலையில் பிறக்கிறது. பத்து கிலோமீட்டர் என்றால் எங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் காலாங் ஆற்றின் மொத்த நீளம், படத்தில் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவு பக்கத்தில் ஏரி இருந்தும், நடுவில் மலை நிற்பதால் அதற்கு முதுகைக் காட்டிவிட்டு வடக்கே லாப்டெவ் கடல் வரை போகிறது. நூல் 38 சென்டிமீட்டர் காட்டியது. புத்தகக் கணக்கு 4,400 கி.மீ. சின்னச் சின்ன நெளிவுகளைப் படம் நேராக்கிவிடுகிறது. தொலைந்த அந்த ஆறு சென்டிமீட்டரும் நெளிவுதான்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் வளர்ந்தவள். புதுத்தண்ணீர் வரும் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. காய்ந்த வாய்க்காலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு தண்ணீரின் முனை ஊர்ந்து வரும், நாங்கள் அதற்கு முன்னால் ஓடுவோம். தலைமடைக்காரன் குடித்த மிச்சம்தான் நமக்கு என்று அப்பா சொல்வார்.

லேனாவில் கதை தலைகீழ். அது வடக்கு நோக்கி ஓடுவதால், வசந்தத்தில் தெற்கே தலைமடையில் பனி முதலில் உருகுகிறது. கீழே கடைமடை இன்னும் உறைந்து கிடக்கிறது. பாறை பாறையாக உடைந்து வரும் பனிக்கட்டிகள் உறைந்த ஆற்றில் முட்டி அணைபோல அடைத்துக்கொள்ள, தண்ணீர் ஏறி ஊருக்குள் புகுகிறது. 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது. அடைப்பை உடைக்க விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். ஓப், யெனிசெய் ஆறுகளும் வடக்கே ஓடுபவைதான், அவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. தண்ணீர் வராமல் அழுத ஊர் எங்களுடையது. தண்ணீர் போக வழியில்லாமல் ஓர் ஊர் மூழ்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு நேரம் பிடித்தது.

அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "அங்க கடமடக்காரன் யாரும்மா?" என்றார்.

கழிமுகத்துக்குப் பக்கத்தில் டிக்ஸி என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது என்றேன்.

"அங்க எப்ப பனி விடும்?"

"அந்தக் கடைசிப் பக்கம் ஜூன்ல, அப்பா."

"ஜூன் பன்னெண்டுதான மேட்டூர் தொறக்கற நாளு," என்றார். பிறகு எதிர்முனையில் அம்மாவைக் கூப்பிட்டு, லேனா, லேனா என்று அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்வது கேட்டது.