உப்புக்காற்றும் 428 செயினும்

திருகோணமலைப் பக்கம் பைக், ஓட்டோ ஸ்பெயார் பார்ட்ஸ் கடை திறந்த முதல் வாரம். கிண்ணியா நாநா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட வந்து வாசலில் பைக்கை நிறுத்தினார். பின்னால் மீன்பெட்டி. "தம்பி, 428 செயின் ஒண்டு தாங்க." 428 என்பது செயினின் அளவு மட்டும், நீளம் லிங்க் கணக்கில். என்ன பைக், எத்தனை லிங்க் என்று ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் அதே செயின் மேசைக்குத் திரும்பி வந்தது. இரண்டு லிங்க் குறைவு. கூடினால் வெட்டலாம், குறைந்தால் என்ன செய்ய? அவருக்கு அரைநாள் மீன் வியாபாரம் போச்சு. ஏசவில்லை. "இதுக்கு முதல் என்ன தொழில் பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் 11 வருஷம் ஸ்டோர் கீப்பர். அரிசி மூட்டையில் இருந்து துவாய், சவர்க்காரம் வரை என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போடு அறைகள் காலியாகின. நிமிர முதல் கொரோனா. 2022இல் பெட்ரோலும் இல்லை, டொலரும் இல்லை. எங்கள் கரையில் மே தொடக்கம் செப்டம்பர் வரைதான் சீசன். அந்த வருஷத்துச் சீசன் பெட்ரோல் கியூவிலேயே முடிந்தது. ஆட்களைக் குறைத்தபோது நானும் போனேன். வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் ஐந்தரை மாதச் சம்பளம் பணிக்கொடை, கொஞ்சம் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) காசு. ஈ.பி.எஃப்.ஐ (ஊழியர் சேமலாப நிதி) 55 வயதுக்கு வைத்துக்கொள் என்றார்கள். மிச்சத்துக்கு மனுசியின் காப்புகள் அடகுக்குப் போயின.

ஏன் ஸ்பெயார் பார்ட்ஸ் என்று கேட்டால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். புது வாகனம் வராத நாட்டில் பழையதைத்தானே திருத்தித் திருத்தி ஓடுவார்கள். அதோடு, சாமானை அடுக்கிக் கணக்கு வைக்கிற வேலை எனக்குப் பழகியது. இந்த இரண்டாவது நினைப்பில்தான் நான் விழுந்தேன்.

இரவு ரயிலில் ஏறி விடியற்புறம் கொழும்பு மருதானையில் இறங்கினால், ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை நடை தூரம்தான். ஒரு சந்துக்குள் கிளச் பிளேட் மட்டும், அடுத்ததற்குள் கண்ணாடி மட்டும் என்று கடைகள். முதல்தரம் போனபோது திருவிழாவில் விட்ட பிள்ளை மாதிரித் திரிந்தேன். ஹோட்டலில் குசினியில் இருந்து லிஸ்ட் வரும், நான் வாங்குவேன். இங்கே லிஸ்ட் தர ஆள் இல்லை. மலிவாக இருக்கிறதே என்று டொல்பின் வேனுக்கு ஆறு ஹெட்லைட், ஓட்டோவுக்கு மினுங்குகிற அலங்காரச் சாமான் ஒரு பெட்டி. ஹெட்லைட் ஆறும் இன்றைக்கும் மேல்தட்டில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

லிஸ்ட் எழுதித் தந்தது கடைசியில் இந்த ஊர்க் கடல்தான். வைகறையில் மீன் ஏற்றுகிற பைக்குகள் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வரைக்கும் போகும். ஐஸ் உருகி உப்புத்தண்ணி பெட்டியடியால் ஒழுகும். நேரே செயினில், செயின் ஓடுகிற பின் பல்சக்கரமான ஸ்பொக்கட்டில், ஸ்போக் கம்பியில். வேறு ஊரில் வருஷக்கணக்காக ஓடுகிற செயின் இங்கே மாதக்கணக்கில் துரு பிடித்து இறுகிவிடும். பிரேக் ட்ரம்முக்குள் தண்ணி போனால் ஷூ ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் அடியில் ஓட்டை விழும். உப்புவெளிப் பக்கம் ஓட்டோ வைத்திருப்பவர்களுக்கு மீன்பெட்டி இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. பற்றரி முனையில் பச்சை பூக்கும், கேபிள் உள்ளுக்குள் இறுகும். ஆறு மாதம் கழித்து என்ன விற்றிருக்கிறது என்று பில் புத்தகத்தைப் பார்த்தேன். செயின், ஷூ, கேபிள், பேரிங், ஸ்போக் கம்பி. அலங்காரச் சாமான் ஒன்றே ஒன்று, அதுவும் மருமகன் வாங்கினது.

செயின் கேட்டு வருபவரிடம் இப்போது முதலில் பைக்கைக் காட்டச் சொல்வேன். பின் ஸ்பொக்கட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்ப்பேன். பல் பாதிக்கு மேல் தெரிந்தால் செயின் முடிந்தது. பல் சுறாச் செட்டை மாதிரி வளைந்திருந்தால் ஸ்பொக்கட்டும் முடிந்தது. அதில் புதுச் செயினை மட்டும் போட்டால் ஸ்பொக்கட் அதையும் தின்றுவிடும். செட்டாகப் போடச் சொன்னால், "காசு புடுங்கப் பாக்கிறான்" என்ற முகத்தோடு நிற்பார்கள். அந்த முகம் பழகிவிட்டது.

பேரிங் எனக்குச் சுலபமாக வந்தது. அது எண் கணக்கு. 6202 என்றால் கடைசி 02க்கு உள்விட்டம் 15 மில்லிமீட்டர், 03க்கு 17. 04 தொடக்கம் ஐந்தால் பெருக்கினால் போதும், 04 என்றால் 20. எண் அழிந்த பேரிங்கைக் கொண்டுவந்தாலும் வேர்னியர் அளவுகோல் வைத்துச் சொல்லிவிடுவேன். இரண்டு பக்கமும் றப்பர் மூடியுள்ளதைத்தான் இங்கே கொடுக்கிறேன். தகர மூடிக்குள் உப்புத்தண்ணி நுழைந்துவிடும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் கராஜ்காரரின் கொமிஷன். ஒரு பாஸ் (கராஜ் மெக்கானிக்) ஆளை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போன் எடுத்தார்: "அண்ணே, பில்லில ஐந்நூறு கூட்டிப் போடுங்கோ, பேந்து வாறன்." மாட்டேன் என்றேன். இரண்டு மாதம் அந்தக் கராஜில் இருந்து ஒரு நட்டுக்குக்கூட ஆள் வரவில்லை. பிறகு ஒரு வழி பிடித்தேன். பாஸ்மாருக்குக் கழிவு உண்டு, ஆனால் பில்லில் எழுதித்தான். வாகனக்காரன் கேட்டால் காட்டுவேன். சிலர் வந்தார்கள், சிலர் இன்னும் வரவில்லை. எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை, ஆனால் வாடகை கொடுக்க வேண்டும்.

கடன் கொப்பி மனுசியின் கையில். நான் வைத்திருந்த காலத்தில் "நாளைக்குத் தாறன்" என்ற சொல்லுக்கே சாமான் கொடுத்தேன். அவள் இப்போது பெயரோடு பைக் நம்பரையும் எழுதுகிறாள். பைக் நம்பரை எழுதுகிறதைப் பார்த்தாலே பாதிப்பேர் பையைத் தடவிக் காசை எடுத்துவிடுகிறார்கள்.

2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோது, இனி உன் கடை படுக்கும் என்றார்கள் கூட்டாளிமார். புது பைக்கிலும் அதே மீன்பெட்டியைத்தானே கட்டப்போகிறார்கள். அந்த நாநாவே ஒன்று எடுத்தார். வாங்கி எட்டாம் மாதம் செயின் செட்டுக்கு வந்து நின்றார், இந்தமுறை லிங்கை அவரே எண்ணிக்கொண்டு.

அடுத்த வியாழன் இரவு திரும்பவும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன். ஆறு ஹெட்லைட்டையும் கட்டி எடுத்துப் போகச் சொல்கிறாள் மனுசி. பாதி விலைக்காவது எடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.