ஐந்து கியரிலிருந்து ஆறுக்கு: என் எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸும் கிளட்சும் மாற்றிய கதை

என்னிடம் இருப்பது 1995இல் பதிவான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், மடக்கும் துணிக்கூரை. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் பத்துப் பத்து ஆண்டுகளாக மூன்று முறை புதுப்பித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கட்டிய தொகையைச் சொன்னால் வீட்டில் இன்றும் பேச்சு எழும். கடைசியாக 2025இல் புதுப்பித்தபோது, இன்னும் பத்து ஆண்டு ஓடவேண்டிய காருக்கு நோயுள்ள கியர்பாக்ஸை வைத்திருப்பதில் பொருளில்லை என்று முடிவு செய்தேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கியர் மாறும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் சின்க்ரோ வளையம் இரண்டாம் கியரில் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

பழைய பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்ப்பதா, இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் வந்த ஆறு கியர் பெட்டியைப் பொருத்துவதா என்ற கேள்வியில் பல வாரங்கள் கழிந்தன. ஆறு கியர் பெட்டி ஜப்பானின் ஐசின் நிறுவனத் தயாரிப்பு. டொயோட்டா அல்டெஸா, நிசான் சில்வியா எஸ்15, மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆகியவற்றிலும் இதே குடும்பத்துப் பெட்டிதான் இருந்தது. எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் எளிமையானது. தீவு விரைவுச்சாலையில் 90இல் போகும்போது எஞ்சின் சத்தம் குறையவேண்டும், அதற்கு ஆறாம் கியர் உதவும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை தவறு. ஐந்து கியர் பெட்டியின் ஐந்தாம் கியர் விகிதம் 0.814, ஆறு கியர் பெட்டியின் ஆறாம் கியர் விகிதம் 0.843. விகித எண் கூடினால் அதே சாலை வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழலவேண்டும். அதாவது பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் டிஃபரன்ஷியல் பழையதாகவே இருந்தால், கூடுதலாக ஒரு கியர் கிடைத்த பிறகும் எஞ்சின் முன்பைவிடச் சற்று வேகமாகத்தான் சுழலும். என் காரின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, டயர் 185/60 ஆர்14. கணக்குப் போட்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் பழைய பெட்டியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,750 சுற்று. புதிய பெட்டியில் ஏறக்குறைய 2,850. இதை நான் காகிதத்தில் பார்க்காமல் சாலையில் கற்றுக்கொண்டேன் என்பதே எனக்குள்ள வருத்தம். ஆறு கியர் பெட்டியின் முதல் கியர் 3.760, பழையதில் 3.136. இந்த வேறுபாடு இன்னும் பெரியது. 7,000 சுற்றுவரை இழுத்தால் பழைய பெட்டியின் முதல் கியரில் 59 கிலோமீட்டர்வரை போகலாம். புதியதில் 49ஐத் தொடுமுன் அடுத்த கியர் கேட்கும். சிராங்கூன் சாலையில் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் கார் நகர்ந்த மறுகணமே கை கியர் பிடிக்குப் போகவேண்டியிருந்தது.

வேலையைத் தொடங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி பெற்றுக்கொண்டேன். பத்து ஆண்டு கடந்த கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனை உண்டு. அனுமதியில்லாத மாற்றத்தோடு அங்கே போய் நிற்க எனக்கு மனமில்லை.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் அண்ணன் ஒருவர் அங்கே தலைமை மெக்கானிக். விடுமுறை நாளில் அவர் பக்கத்திலேயே நின்று, கருவி எடுத்துக்கொடுத்தும் போல்ட் கழற்றியும் நானும் வேலை செய்தேன். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். அதைக் கழற்றாமல் பெட்டி இறங்காது. பெட்டியின் மேல்பக்கத்து போல்ட்டுகளுக்குக் கை எட்டாது. கருவியில் முன்கை நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் கம்பியைச் சேர்த்து, பின்னாலிருந்து கண்ணை நம்பாமல் விரலை நம்பித் திருகவேண்டும்.

பெட்டி இறங்கியதும் வெளிப்பட்ட கிளட்ச் டிஸ்க்கை அண்ணன் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். உராய்வுப் பரப்பு ரிவெட்டின் தலையைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஓரத்தில் நீலநிறச் சூட்டுத் தழும்பு. “இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா ஃபிளைவீலையே கீறியிருக்கும் தம்பி” என்றார். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்தான் ஃபிளைவீல்; டிஸ்க் அதன்மேல்தான் அழுந்திப் பிடிக்கும். அதனால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போட்டோம். பெட்டியை மறுபடி இறக்கும் கூலியை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறு பாகங்களில் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எஞ்சினின் பின்பக்க எண்ணெய் சீலையும் அப்போதே மாற்றினோம். என் காரின் 215 மில்லிமீட்டர் டிஸ்க் ஆறு கியர் பெட்டியின் தண்டில் சேருமா என்பதை மேசைமேல் வைத்தே சரிபார்த்தோம். பல்லும் பள்ளமும் தடையில்லாமல் வழுக்கி ஏறின. ஃபிளைவீல் போல்ட்டுகளை 96 முதல் 103 நியூட்டன் மீட்டருக்குள், எதிரெதிராக மாறி மாறி முறுக்கினார்.

பெட்டியை ஏற்றுவதில்தான் அரைநாள் போனது. டிஸ்க்கை மையத்தில் நிறுத்தும் பிளாஸ்டிக் தண்டு ஒன்று கிளட்சோடு வரும். அது இருந்தும், கனமான புதிய பெட்டி கடைசி இரண்டு விரல்கடை இடைவெளியில் அடம்பிடித்தது. அங்கே போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்க நினைப்பவர்கள் டிஸ்க்கின் நடுப்பகுதியை வளைத்துவிடுவார்கள். அண்ணன் பெட்டியைக் கியரில் போட்டு, பின்தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். மூன்றாவது சுற்றில் ஒரு மெல்லிய சத்தத்தோடு தானாக உட்கார்ந்தது.

எண்ணெய் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்ற தரத்து 75டபிள்யூ-90 கியர் எண்ணெய். ஜிஎல்-5 எண்ணெயில் அழுத்தம் தாங்கும் கந்தகச் சேர்மங்கள் அதிகம். பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துவராது, அதோடு வளையம் பிடிக்கவேண்டிய உராய்வும் குறைந்துபோகும். டிஃபரன்ஷியலுக்கு அதே ஜிஎல்-5தான் வேண்டும். இரண்டு டப்பாவையும் அருகருகே வைக்கவேண்டாம் என்று பட்டறைப் பையனிடம் இரண்டு முறை சொன்னேன்.

மூன்று மாதம் 4.1 டிஃபரன்ஷியலோடு ஓட்டிய பிறகு, ஆறு கியர் பெட்டியோடு சில நாடுகளில் விற்கப்பட்ட 3.636 விகித டிஃபரன்ஷியலைத் தேடி வாங்கினேன். இந்தச் சேர்க்கையில்தான் பெட்டிக்கு அர்த்தம் வந்தது. முதல் கியரில் 56 கிலோமீட்டர்வரை போகிறது. விரைவுச்சாலையில் 90இல் ஏறக்குறைய 2,530 சுற்று. நான் முதலில் கேட்ட அமைதி இதுதான். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் ஒரு கூலி மிச்சமாகியிருக்கும்.

ஆனால் டிஃபரன்ஷியல் மாறியதும் வேகமானி பொய் சொல்லத் தொடங்கியது. முதல் தலைமுறையில் வேகமானிக்குக் கியர்பாக்ஸின் பின்தண்டிலிருந்து கேபிள் போகிறது. எனக்குப் பெட்டியை விற்றவர், அதில் கேபிளுக்குப் பதில் மின்சென்சார் இருப்பதைச் சொல்லவில்லை. பழைய பெட்டியின் சிறு பல்சக்கரத்தையும் கேபிளையும் எடுத்துப் பொருத்திச் சமாளித்திருந்தோம். 3.636இல் அதே சாலை வேகத்துக்குப் பின்தண்டு மெதுவாகச் சுழலும். எனவே உண்மையில் 90இல் போகும்போது முள் 80ஐக் காட்டியது. வேகக் கேமரா நிறைந்த ஊரில் இது ஆபத்தான பிழை. பல் எண்ணிக்கை குறைந்த பல்சக்கரம் ஒன்றை வரவழைத்துப் போட்ட பிறகு, கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒத்துப்பார்த்தேன். பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங்வரை முள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவே காட்டியது, அது பாதுகாப்பான பக்கம்.

80ஐத் தாண்டினால் இருக்கையின் அடியில் ஒரு நடுக்கமும் இருந்தது. அந்த அலுமினியச் சட்டத்தை முறுக்கும்போது அது சற்றுத் தாழ்ந்து, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருந்தது. பெட்டியின் வால்பகுதியை ஜாக்கியால் தூக்கி நிறுத்திச் சட்டத்தை மறுபடி முறுக்கியதும் நடுக்கம் நின்றது.

டிஃபரன்ஷியல் வேலைக்காகக் கார் மேலே இருந்தபோது, மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே வாங்கிக் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசியத் தொடங்கியிருந்ததால் அதையும் மாற்றி, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினோம். இப்போது கிளட்ச் தரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிடிக்கிறது; பழையது மிதியின் உச்சியில்தான் பிடிக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது சத்தம் எதுவும் இல்லை. அடுத்த சோதனை மார்ச்சில். ஆணையத்தின் அனுமதிக் கடிதத்தைக் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.