சேர் இருக்கிற மேசையில் டைஸ் உருட்டுவது

டேபிள்டொப் ரோல்பிளேயிங் கேம் நடத்துகிறேன் என்று திருகோணமலையில் சொன்னால் உடனே வரும் கேள்வி, "கம்பியூட்டரிலயா?" இல்லை. ஒரு மேசை, நாலைந்து பேர், ஆளுக்கொரு பாத்திரம், கொஞ்சம் டைஸ். ஜீ.எம். என்கிற நடத்துநர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள், முடிவு எப்படியும் போகலாம் என்கிற இடத்தில் டைஸ் உருளும். 1974 இல் கைகக்ஸும் ஆர்ன்சனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தொடக்கம். கூட்டாளிகளோடு வீட்டு விறாந்தையில் விளையாடிப் பழகியதை, கொமிக்ஸும் கேமும் என்று ஊர் மண்டபத்தில் கூடிய ஒரு வார இறுதியில், முன்பின் தெரியாதவர்களை இருத்தி நடத்திப் பார்த்தேன்.

அந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸை நான் கொண்டுபோகவில்லை. இருபது பக்க டைஸை உருட்டி, அதோடு எதைக் கூட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிற ஆட்களுக்கு மூன்று மணித்தியாலத்தில் அதைப் பழக்க முடியாது. 1981 இல் வந்த கோல் ஒப் கத்துலு என்கிற கேமின் பாணியில் நூற்றுக்கு இத்தனை என்கிற முறையை எடுத்தேன். லொறி ஓட்டம் 60 என்றால், பத்துப் பக்க டைஸ் இரண்டை உருட்டி, ஒன்றைப் பத்தாகவும் மற்றதை ஒன்றாகவும் சேர்த்து வாசித்து, 60 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வெற்றி. பரீட்சைப் புள்ளி பார்த்து வளர்ந்த ஊரில் இதை யாருக்கும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வரவில்லை. ஒரேயொரு குழப்பம், குறைய விழுந்தால் நல்லது என்பது. தாயம் விளையாடிய கைகள் பெரிய எண்ணைக் கண்டதும் கத்திவிட்டு, பிறகு முகம் தொங்கின.

கதையும் ஊர்க்கதைதான். 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆம் திகதி காலை திருகோணமலைக்கு வந்தன. எட்டாம் திகதியே எச்சரிக்கை கிடைத்து, அன்றிரவு துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். என் ஆட்டம் அந்த இரவில் நடக்கிறது. கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன, ஏன் என்று ஊருக்கு ஒருவரும் சொல்லவில்லை, பாத்திரங்களில் ஒருவரின் தம்பி சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் இரவு வேலையில் நிற்கிறான். விடிவதற்குள் அவனைக் கூட்டிவர வேண்டும். தம்பி என் கற்பனை. கப்பல்களும் குதங்களும் சரித்திரம்.

கோணேசர் கோவிலையும் சுவாமி மலையையும் வைத்து ஒரு புதையல் கதை எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. கும்பிடுகிற இடத்தை நிலவறையாக்கி அதற்குள் பூதம் வைக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்காவின் ஜென் கொன் போன்ற பெரிய கேம் கூடல்களில் ஒரு ஆட்டத்துக்கு நாலு மணித்தியாலம் ஒதுக்குவது வழக்கம். இங்கே லுஹர் தொழுகை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இருட்டுமுன் பஸ் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தேத்தண்ணி இடைவேளையோடு மூன்று மணித்தியாலம் போதும். இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை ஒரு தாளில் கட்டம் போட்டு மேசை நடுவில் வைத்தேன். ஒவ்வொரு காட்சி முடியவும் சிவப்புப் பேனையால் ஒரு மணியை வெட்டுவது. "கெதியாச் செய்யுங்கோ" என்று நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை. நாலு மணி வெட்டுப்பட்டபோது ஆட்கள் கதிரை நுனிக்கு வந்திருந்தார்கள்.

இனி முக்கியமான விசயம். எங்கள் மேசைகளில் விதியைவிடப் பெரிய சிக்கல் மரியாதை. "இப்ப என்ன செய்யப் போறீங்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் மேசையில் மூத்தவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். மூத்தவர் ஒன்றைச் சொல்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். ஐந்து பேர் இருந்தும் விளையாடுவது ஒருவர். ஒரு மேசையில் ரியூசன் சேர் ஒருவரும் அவரிடம் ஏஎல் படிக்கிற பிள்ளைகள் இருவரும் ஒன்றாக வந்து இருந்தார்கள். சேர் நல்ல மனிதர், அதட்டுகிறவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் டைஸை எடுக்கவே அவரைப் பார்த்தார்கள்.

பேசச் சொல்லி வற்புறுத்தினால் இன்னும் சுருங்குவார்கள் என்று தெரியும். அதனால் பாத்திரங்களை, ஆட்கள் இருந்த பிறகு, யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்தேன். சேருக்கு லொறி சாரதி. கை தேர்ந்தவர், இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. மாணவிக்குத் துறைமுகக் கிளார்க். வழியில் ஒரு சிப்பாய் லொறியை மறித்து ஒரு துண்டு நீட்டுகிறான். உண்மையாகவே மடித்த துண்டொன்றை எடுத்து நேரே பிள்ளையின் கையில் கொடுத்தேன். 'குதத்துக்குப் போகும் லொறிகளைத் திருப்பி அனுப்பவும்' என்று அதில் இங்கிலிஷில் இருந்தது. வாசித்தாள். மடித்தாள். சேர் எட்டிப் பார்க்க, துண்டைக் கொப்பிக்குக் கீழே தள்ளிவிட்டு, "ஒண்டுமில்லை சேர், போகலாமாம்" என்றாள். மேசை முழுக்கச் சிரிப்பு. சேர் ஒரு நிமிசம் அவளைப் பார்த்துவிட்டு, "அப்ப ஓட்டுறன்" என்று டைஸை எடுத்தார். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த மேசைகளுக்கு இதையே முறையாக்கினேன். ஆளுக்கு ஒரு விசயம், அவருக்கு மட்டும் தெரிந்ததாக; அது மேசையில் வயது குறைந்தவரிடம் கொஞ்சம் கூடுதலாக. கேள்வியும் பொதுவாகப் போகாது. "சிப்பாய் உங்களைத்தான் கேக்கிறான், கிளார்க். என்ன சொல்லுவீங்கள்?" என்று பாத்திரத்தைக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் வருகிறது. பாத்திரப் பெயரை மடித்த அட்டையில் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதி முன்னால் நிறுத்தினால், தம்பி, அக்கா, ஐயா எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு ஒதுங்கி நிற்கும்.

ஊர்க்கதையாக இருந்ததில் நான் கணக்கில் எடுக்காத லாபம் ஒன்றும் கிடைத்தது. குதத்திலிருந்து தம்பியை மீட்டுக்கொண்டு ஒரு குழு கிண்ணியாப் பக்கம் தப்பலாம் என்று முடிவெடுத்தது. அதுவரை வாய் திறக்காத கிண்ணியாப் பெடியன் ஒருவன், "பாலமெல்லாம் 2009ல வந்தது. அப்ப பாதைதான்" என்றான். பாதை என்கிற அந்த மிதவைப் படகு இரவில் ஓடுமா, ஓட்டுகிறவனை எப்படி எழுப்புவது, லொறியை ஏற்றலாமா என்று எல்லோரும் அவனைக் கேட்கத் தொடங்கினார்கள். நானும் கேட்டேன். அவன் சொன்னது அப்படியே ஆட்டத்தில் நடந்தது. ஜீ.எம். எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

குண்டுவீச்சுக் கதையை இந்த ஊரில் யோசிக்காமல் எடுக்க முடியாது. மேசையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது சரித்திரப் புத்தகத்தில் படித்த விசயம் இல்லை. ஜோன் ஸ்டவ்ரோபொலஸ் என்பவர் கொண்டுவந்த எக்ஸ் கார்டை நானும் மேசையில் வைத்திருந்தேன். பிடிக்காத காட்சி வந்தால் அதைத் தொட்டால் போதும், காரணம் சொல்லாமலே காட்சி தாண்டிப் போகும். ஒருவரும் தொடவில்லை. அந்நியர்கள் பார்த்திருக்கக் கையை நீட்டுவது எங்களுக்குச் சுலபமில்லை. தேத்தண்ணி நேரத்தில்தான் ஒரு அக்கா பக்கத்தில் வந்து, "பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி வராட்டி நல்லம், தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். பதுங்கு குழிக் காட்சியைத் தூக்கிவிட்டு, பனங்காட்டு வழியாக ஓடுவதாக மாற்றினேன். கார்ட் இப்பவும் மேசையில் இருக்கும். ஆனால் தேத்தண்ணியைப் பயங்கரமான பகுதிக்கு முன்னாலேயே வைக்கிறேன், எழும்பிப்போய் ஒவ்வொருவரோடும் ரெண்டு வார்த்தை கதைக்கிறேன். ஆட்டம் தொடங்கமுன், விமானம் வரும், குண்டு விழும், பிணங்களை வர்ணிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அதைக் கேட்டு எழும்பிப் போகிறவர் போகலாம்.

சில்லறை விசயங்கள். மண்டப ஃபேன் சத்தத்தில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் கடைசிக் கதிரைக்கு ஒன்றும் கேட்காது. கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலோர மேசை வேண்டாம், தாள் நிற்காது. டைஸை பிஸ்கட் ரின் மூடிக்குள் உருட்டக் கொடுத்தால் மேசைக்குக் கீழே தேடுகிற நேரம் மிச்சம். பாத்திரத் தாள் அரைப் பக்கம், ஆறு திறமைகள், எழுத்து பெரிதாக. அதற்கு மேல் எழுதியதை யாரும் வாசிக்கவில்லை.

சிங்களம் மட்டும் கதைக்கிற இரண்டு பேர் கடைசி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தாள் தமிழில் மட்டும் இருந்தது. கந்தளாயில் இருக்கிற கூட்டாளி ஒருவன் இப்போது அதே ஐந்து பாத்திரங்களையும் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். கிளார்க்குக்குக் கொடுக்கிற துண்டு மட்டும் இரண்டு மேசைக்கும் இங்கிலிஷிலேயே இருக்கும்.