அஸ்தமனத்தை விடுங்கள், கப்பலின் பக்கவாட்டை எடுங்கள்

திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கிற விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்ததிலிருந்து களியக்காவிளை, பூவார், கோவளம் என்று எங்கள் பக்கம் முழுக்க கேமராவும் கையுமாகத் திரிகிற ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் வாட்ஸப்பில் வந்து விழுகிற படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: பின்னால் செக்கச் செவேல் என்று வானம், நடுவில் சூரியன், முன்னால் கறுப்பாக ஒரு கப்பல். பார்க்க அழகுதான். ஆனால் என்னைப் போலக் கப்பல் மாடல் கட்டுகிறவனுக்கு அதிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது. கறுப்புக்குள் எல்லாம் போய்விடும்.

நமக்குக் கடல் மேற்கே. சாயங்காலம் வெயில் கப்பலுக்குப் பின்னாலிருந்து வருகிறது, காலையில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, கரையைப் பார்த்து நிற்கிற பக்கத்தின் மேல் நேராக விழுகிறது. அதனால் ஏழரை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு பெரிய லென்ஸ் போட்டு எடுத்தால் கடலுக்கு மேல் காற்று அலைந்து கோடெல்லாம் நெளியும். மழைக்கால மேகமூட்டத்தைப் பலரும் வீண் என்று நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் தங்கம். நிழல் விழாது, கன்டெய்னர் அடுக்குகளுக்கு இடையில் இருக்கிற ஏணியும் கம்பியும் கூடத் தெரியும். கப்பல் எப்போது வரும் என்று அலைய வேண்டிய தேவையும் இப்போது இல்லை, பெரிய கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் கருவி வழியாகத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வருகின்றன, போனில் ஒரு ஆப் போதும்.

நான் கட்டிக்கொண்டிருப்பது எம்எஸ்சி இரினா. 2025 ஜூன் 9 அன்று விழிஞ்ஞத்தில் வந்து நின்றதே, 24,346 டிஇயு (20 அடி கன்டெய்னர் கணக்கில்) கொள்ளளவு, 399.9 மீட்டர் நீளம், 61.3 மீட்டர் அகலம், அதுதான். கப்பல் மாடல்காரர்கள் பலரும் 1:700 அளவில் கட்டுவார்கள், ஜப்பான் கிட்டுகள் அந்த அளவில்தான் நிறைய வரும். நான் 1:500 எடுத்ததற்குக் காரணம் சன்போர்டு என்கிற லேசான பிளாஸ்டிக் பலகை. 40 அடி கன்டெய்னரை 500 மடங்கு சிறிதாக்கினால் நீளம் 24 மி.மீ. சொச்சம், அகலமும் உயரமும் ஏறக்குறைய 5 மி.மீ. கடையில் கிடைக்கிற 5 மி.மீ. சன்போர்டைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, 24 மி.மீ.க்கு ஒரு வெட்டு போட்டால் கன்டெய்னர் தயார். உயரம் கூடின கன்டெய்னர் வேண்டுமென்றால் மேலே சார்ட் அட்டை ஒன்றிரண்டு ஒட்டிக்கொள்ளலாம். அடியுடல் ரப்பர் மரப் பலகை, அடுக்கி ஒட்டி, செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. 80 செ.மீ. நீளம் வருகிறது. மேசை போதவில்லை, கட்டிலில் வைத்துத்தான் வேலை.

கன்டெய்னர் செய்வது சுலபம். அடுக்குவதுதான் பாடு. இரினாவின் தளத்தில் குறுக்கே 24 வரிசை நிற்கும், ஆனால் நீளவாக்கில் எல்லா இடத்திலும் ஒரே உயரத்துக்கு ஏற்ற மாட்டார்கள். கப்பலை ஓட்டுகிற அறையிலிருந்து பார்க்கும்போது, அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, முன்னால் 500 மீட்டர் அல்லது கப்பல் நீளத்தின் இரண்டு மடங்கு, எது குறைவோ அதற்கு மேல் கடல் மறையக் கூடாது என்று சர்வதேச விதி. அதனால்தான் இவ்வளவு பெரிய கப்பல்களில் ஓட்டுகிற அறையை முன்பக்கமாகத் தள்ளி வைத்து, புகைபோக்கியைத் தனியாகப் பின்னால் வைக்கிறார்கள், அறைக்கு முன்னால் இருக்கிற அடுக்குகள் அணியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கம் எந்த வரிசையில் தொடங்குகிறது என்பது நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தில் மட்டும்தான் எண்ண முடியும். சாய்வாக எடுத்த படத்தில் ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும்.

நீரோடியில் ஒரு அண்ணன் இருக்கிறார், கடல் தொழில் செய்கிற குடும்பம், எனக்குப் படங்கள் தருகிறவர் பெரும்பாலும் அவர்தான். அவரிடம் பின்பக்கத்துப் படம் கேட்டபோது, "மக்கா, கப்பலுக்க முகத்த எடுத்தா போதாதா, பின்பக்கத்த எவன்டே பாப்பான்?" என்றார். "அண்ணே, பேரும் பதிவுத் துறைமுகமும் அங்கதான எழுதியிருக்கு, நான் எத வச்சு எழுத?" என்றேன். அடுத்த தடவை மன்ரோவியா என்ற எழுத்துக்குக் கீழே இருக்கிற துரு வழிந்த கறை வரைக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது அவர் கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணையும் விடுவதில்லை. கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், கம்பெனி மாறும், பெயின்ட் மாறும், அந்த ஏழு இலக்க எண் மட்டும் உடைக்கப் போகும் நாள் வரை மாறாது. படத்தோடு அந்த எண்ணும் தேதியும் இருந்தால் இருபது வருடம் கழித்தும் இது எந்தக் கப்பல் என்று அடித்துச் சொல்லலாம்.

நீர்மட்டத்தையும் எடுக்கச் சொல்லி எல்லோரையும் தொந்தரவு செய்கிறேன். உடலில் ஆழம் காட்டும் எண்களும், வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட சுமைக்குறியும் அங்கேதான் இருக்கும். சரக்கு குறைவாக இருந்தால் சிவப்புப் பெயின்ட் நிறைய வெளியே தெரியும், அணியத்துக்குக் கீழே இருக்கிற உருண்டை மூக்கும் எட்டிப் பார்க்கும். மாடலை எந்த மட்டத்தில் வெட்டி நிறுத்துவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடிகிறது.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இன்னொரு கப்பல். எம்எஸ்சி எல்சா 3, 1997-இல் கட்டியது, சுமார் 184 மீட்டர் நீளம். 2025 மே 23 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பி, மறுநாள் சாய்ந்து, 25 அன்று மூழ்கிவிட்டது. ஏறியிருந்த 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். 640 கன்டெய்னர்கள். அதிலிருந்து கொட்டின பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கடற்கரையும் தாண்டி குமரிக் கரை வரை ஒதுங்கியது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதை மணலோடு சேர்த்து அள்ளிப் பார்த்தார்கள். அந்தக் கப்பலைக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இங்கே படம் எடுக்கிற எல்லோரிடமும் கேட்டேன், விழிஞ்ஞத்தில் நின்றபோது எடுத்த ஒரு படம் கூட யாரிடமும் இல்லை. பழைய சின்னக் கப்பல், யார் கேமராவைத் திருப்புவார்கள்? அதே ஆட்களிடம் 2023 அக்டோபரில் கிரேன்களை நிமிர்த்தி நிறுத்தியபடி சுமந்து வந்த ஷென் ஹுவா 15 கப்பலின் படம் இருக்கிறது, 2024 ஜூலையில் வந்த சான் ஃபெர்னாண்டோ கப்பல் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்ற பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் கூட ஒருவரிடம் தூரத்துப் புள்ளியாக இருக்கிறது. எல்சா இல்லை.

ஒன்று மட்டும், துறைமுகம் காவல் உள்ள இடம். வேலி தாண்டாதீர்கள், அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடாதீர்கள். வெளியே நின்று எடுத்ததே எனக்குத் தாராளம்.

எல்சா 3 மாடலை 1:500-இல்தான் தொடங்கப் போகிறேன், 37 செ.மீ. வரும். 2025 மே மாதம் விழிஞ்ஞம் பக்கம் போனவர்கள் யாராவது உங்கள் போனைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். வேறு எதையோ எடுத்த படத்தின் பின்னணியில் மங்கலாக நின்றாலும் சரி, வெட்டாமல், வாட்ஸப்பில் சுருக்காமல், அசல் ஃபைலாக அனுப்புங்கள். இடது பக்கம்தான் முதலில் வேண்டும்.